ரோட்டா சொட்டு மருந்தின் பயன்திறன்: ஒரே மருத்துவமனையில் எம்.டி. ஆய்வாகச் செய்ய முடியுமா?

சமூகமருத்துவம்_பிஜி1 (கேள்வி)

வணக்கம். சமூக மருத்துவம் முதுநிலை முதலாம் ஆண்டு, தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி. ஆய்வுத் திட்டத்தை நெறிமுறைக் குழுவுக்கு விரைவில் கொடுக்க வேண்டும். மனதில் இருப்பது இதுதான்:

குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்குடன் சேரும் 5 வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளிடமும் மலம் எடுத்து ரேபிட் கிட்டில் ரோட்டாவைரஸ் பார்ப்பது. பாசிட்டிவ் வந்தால் கேஸ், நெகட்டிவ் வந்தால் கன்ட்ரோல். ரோட்டா சொட்டு போட்டார்களா என்று அம்மாவிடம் கேட்டு, ஆட்ஸ் விகிதம் (கேஸ்களில் போட்டவர்-போடாதவர் விகிதத்தைக் கன்ட்ரோல்களின் அதே விகிதத்தால் வகுப்பது) கணக்கிட்டு, அதிலிருந்து (1 கழித்தல் ஆட்ஸ் விகிதம்) தடுப்பு மருந்தின் பயன்திறன். நோயின் தீவிரத்துக்கு வெசிகாரி மதிப்பெண். 12 மாதத்தில் 300 குழந்தைகள் கிடைப்பார்கள்.

1. 300 போதுமா?
2. ரேபிட் கிட் போதுமா, எலைசா (வைரஸ் புரதத்தைக் கண்டறியும் ஆய்வகச் சோதனை) வேண்டுமா, பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பது) வேண்டுமா?
3. சொட்டு போட்ட விவரத்தை அம்மா சொல்வதை வைத்தே எழுதலாமா?

வழிகாட்டி "தலைப்பு நன்றாக இருக்கிறது, செய்" என்கிறார். எனக்குத்தான் கணக்கு உதைக்கிறது.

ஆட்ஸ்கணக்கு

கணக்கு உதைப்பது சரிதான்.

முறையில் தப்பில்லை. டெஸ்ட்-நெகட்டிவ் முறையின் (சோதனையில் நெகட்டிவ் வந்த நோயாளிகளையே கன்ட்ரோலாக வைப்பது) பலமே இரு தரப்பும் ஒரே நோயோடு ஒரே வாசலில் நுழைந்தவர்கள் என்பது. மருத்துவமனைக்குக் கொண்டுவரும் பழக்கம், தூரம், வசதி எல்லாம் பெரும்பாலும் சமமாகிவிடும். மற்ற கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கை இந்த மருந்து தடுக்காது, ஆகவே நெகட்டிவ் குழந்தைகளிடம் தெரியும் தடுப்பு மருந்து வீதம்தான் ஊரின் வீதத்துக்கு ஈடாக நிற்கும்.

சிக்கல் எண்ணிக்கையில். இந்தியாவில் ரோட்டாவாக் என்ற ரோட்டா சொட்டு மருந்து 2014-இல் வெளியான மூன்றாம் கட்டச் சோதனையில் (டெல்லி, புனே, வேலூர், 6,799 குழந்தைகள்) கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்குக்கு எதிராகக் காட்டியது சுமார் 54%. ஆக உங்கள் கணக்குக்கு உண்மைப் பயன்திறன் 50% என்றே வையுங்கள். 80, 90 என்று வைத்துச் சின்ன மாதிரி அளவு வாங்கிவிட்டால் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது.

சேரும் குழந்தைகளில் 20% பாசிட்டிவ் என்று கொள்வோம். 300-இல் 60 கேஸ், 240 கன்ட்ரோல். கன்ட்ரோல்களில் 80% பேர் சொட்டு போட்டிருந்தால் 192 போட்டவர், 48 போடாதவர். கேஸ்களில் 40, 20. ஆட்ஸ் விகிதம் 0.5, பயன்திறன் 50%. அதன் 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) 7%-இலிருந்து 73% வரை. "மருந்து கொஞ்சம் வேலை செய்கிறது, அல்லது நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதலாம், அவ்வளவுதான்.

இப்போது கன்ட்ரோல்களில் 95% போட்டவர்கள் என்று மாற்றுங்கள். போடாத கன்ட்ரோல் 12 பேர், போடாத கேஸ் ஆறு பேர்கூடத் தேறாது. இடைவெளி மைனஸ் 41%-இலிருந்து பிளஸ் 82% வரை போகும். இந்தக் கணக்கு போடாதவர்களின் எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. தடுப்பூசித் திட்டம் நன்றாக நடக்கிற மாவட்டத்தில் இந்த ஆய்வு செய்வது கடினம் என்பதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை.

80% சக்தி (உண்மையில் உள்ள பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5% பிழை (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு), ஒரு கேஸுக்கு நான்கு கன்ட்ரோல் என்று போட்டால்:

கன்ட்ரோல்களில் 80% போட்டிருந்தால்: 116 கேஸ், மொத்தம் 580 குழந்தைகள்.
95% போட்டிருந்தால்: 376 கேஸ், மொத்தம் 1,880 குழந்தைகள்.

இது வயது, சேர்ந்த மாதம் ஆகியவற்றுக்குச் சரிசெய்யும் முன். சரிசெய்தால் இன்னும் 10 முதல் 15% கூடும்.

அடுத்தது வயது. 5 வயது வரை எல்லோரையும் சேர்க்காதீர்கள். மூன்று தவணையும் (6, 10, 14 வாரம்) முடித்து 14 நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஆகவே முதன்மைக் கணக்கு 6 முதல் 23 மாதம் வரை. 24 மாதத்துக்கு மேல் தனியாக. காரணம் மருந்தின் பலம் காலப்போக்கில் குறைவது மட்டுமல்ல. வேலூரில் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை 373 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் (2011-இல் வெளிவந்தது) 56% குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள்ளேயே ரோட்டா தொற்று வந்துவிட்டது. அதாவது உங்கள் "போடாத" குழந்தைகளில் பலர் இயற்கையாகவே ஓரளவு எதிர்ப்பு பெற்றவர்கள். வயது ஏற ஏற அது கூடும், பயன்திறன் குறைந்ததுபோலத் தெரியும். மருந்தின் மேல் பழி போட்டுவிடக் கூடாது.

இன்னொன்று: மெக்சிகோவில் நடந்த இதேபோன்ற ஆய்வில் இரண்டு தொற்று வந்த குழந்தைகளிடம் மிதமான, கடுமையான நோயே காணப்படவில்லை. வேலூரில் மூன்று தொற்றுக்குப் பிறகும் பாதுகாப்பு 79%தான். இயற்கைத் தொற்றே இவ்வளவுதான் காக்கிறது என்றால் வாய்வழி மருந்திடம் 90% எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறிமுகப் பகுதியில் இதை எழுதுங்கள், தேர்வாளர் கேட்பார்.

ஆண்டு முழுதும் சேர்த்தே ஆக வேண்டும். தென்னிந்தியாவில் ரோட்டா ஆண்டு முழுக்க இருந்தாலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏறும். எட்டு மாதத்தில் நிறுத்தினால் பாசிட்டிவ் வீதம் ஏதாவது ஒரு பக்கம் சாயும்.

எலைசாதட்டு

இரண்டாவது கேள்விக்கு: எலைசா. ரேபிட் கிட் வார்டில் சிகிச்சைக்குப் பரவாயில்லை (சிகிச்சை எப்படியும் மாறப்போவதில்லை), ஆனால் இந்த முறையில் பொய்யான பாசிட்டிவ்தான் எதிரி.

கணக்காகவே பாருங்கள். 100 குழந்தைகளில் உண்மையில் 20 ரோட்டா. கிட் 95% கண்டுபிடிக்கும், 95% சரியாக விலக்கும் என்று வையுங்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 19 சரியான பாசிட்டிவ், ஆனால் மீதி 80 பேரில் 4 பொய் பாசிட்டிவ். உங்கள் 23 கேஸ்களில் 4 பேர் கேஸே இல்லை. உண்மைப் பயன்திறன் 50% இருந்தால் நீங்கள் காண்பது சுமார் 44%. பாசிட்டிவ் வீதம் குறையக் குறைய இது மோசமாகும். தடுப்பு மருந்து வந்த பிறகு பாசிட்டிவ் வீதம் குறைந்துதான் இருக்கிறது.

மாதிரி எடுப்பதில் தவறும் இடங்கள்:

சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ரோட்டாவின் அடைகாலம் 1 முதல் 3 நாள், அதற்குப் பிறகு எடுத்தால் வார்டிலேயே தொற்றிக்கொண்டதும் கலந்துவிடும்.

ஸ்வாப் வேண்டாம், மலமே வேண்டும், 3 முதல் 5 மி.லி. டயப்பரில் நீர்போன்ற மலம் உறிஞ்சப்பட்டுவிடும். டயப்பரை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள், பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வரும். பழந்துணி கட்டிய குழந்தைக்கு அடியில் சுத்தமான பாலித்தீன் தாள். சிறுநீர் கலந்ததை எடுக்காதீர்கள், நீர்த்துப்போகும்.

எடுத்ததும் ஐஸ் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி. அன்றோ மறுநாளோ ஆய்வகத்தில் மூன்று சிறு குப்பிகளாகப் பிரித்து உறைய வையுங்கள். ஒன்று எலைசாவுக்கு, ஒன்று மறுபரிசோதனைக்கு, ஒன்று பின்னாளில் மரபணு வகை பார்க்க. ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் வைரஸின் வெளி உறை சிதையும். மைனஸ் 20 பெட்டி "தானாகவே பனி நீக்கும்" வகையா என்று பார்த்துவிடுங்கள். அது உள்ளுக்குள் அவ்வப்போது சூடாகித் தணியும், உங்களுக்குத் தெரியாமலே மாதிரி உருகி உறைந்துகொண்டிருக்கும். நீண்ட நாள் வைக்க மைனஸ் 70 தான் நல்லது.

ஒரு தட்டில் 96 குழி, கட்டுப்பாடுகள் போக 90 சொச்சம் மாதிரிதான் ஏறும். 580 குழந்தைக்கு ஏழு தட்டு, மறுபரிசோதனைக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு நிதி கேளுங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் அளவீடுகளை இரட்டைக் குழியில் மறுபடி ஓட்டி, முடிவு எப்படி எடுப்பீர்கள் என்பதை ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதிவையுங்கள்.

இன்னொன்று: சொட்டு போட்ட சில நாட்களுக்கு மருந்து வைரஸே மலத்தில் வெளியேறும். அதற்கும் சேர்த்துத்தான் 14 நாள் விதி. மரபணு வகை பார்த்தால் ரோட்டாவாக்கில் உள்ள 116இ வைரஸ் ஜி9பி11 வகை என்று வரும், பிரித்துவிடலாம். தனியாரில் ரோட்டாரிக்ஸ் (வேறொரு ரோட்டா சொட்டு மருந்து) போட்ட குழந்தை என்றால் அது ஜி1பி8, ஊரில் சுற்றும் வகையோடு வெளித்தோற்றத்தில் ஒன்றுதான்.

பிசிஆர்பிரியர்

எலைசா பழைய கதை. பல கிருமிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் பிசிஆர் அட்டை வைத்தால் கன்ட்ரோல் யார் என்பதும் தெளிவாகிவிடுமே? ஷிகெல்லா, அடினோ, கிரிப்டோ எல்லாம் தெரிந்துவிடும்.

எலைசாதட்டு

தெரியும், தேவைக்கு மேலேயே தெரியும். பிசிஆர் நோயில்லாத குழந்தையிடமும் ரோட்டாவைக் காட்டும், பழைய தொற்றின் மிச்சத்தையும் காட்டும். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் நடந்த பெரிய ஆய்வின் மாதிரிகளை 2016-இல் பிசிஆரில் மறுபடி ஓட்டியபோது, "இருக்கிறதா இல்லையா" என்பதை விட்டு "எவ்வளவு இருக்கிறது" என்பதை வைத்துத்தான் நோய்க்குக் காரணம் சொல்ல முடிந்தது. அதற்கு நோயற்ற குழந்தைகளின் மாதிரியும் வேண்டும், சுழற்சி எண்ணுக்கு (எத்தனை முறை பெருக்கியதும் கிருமி தெரிகிறது என்பது) ஒரு வெட்டுப்புள்ளியும் வேண்டும். இவர் திட்டத்தில் நோயற்ற குழந்தைகளே கிடையாது. எலைசாவின் உணர்திறன் சற்றுக் குறைவாக இருப்பதே இங்கே வசதி: மலத்தில் நிறைய வைரஸ் இருந்தால்தான் அது பாசிட்டிவ் ஆகும், நிறைய இருந்தால்தான் பெரும்பாலும் அதுவே நோய்க்குக் காரணம்.

சமூகமருத்துவம்_பிஜி1

நன்றி. 580 என்பதே எங்கள் வார்டில் இரண்டு ஆண்டு ஆகும். 6 முதல் 23 மாதம் என்று வெட்டினால் 300 கூட வராது. மூன்றாவது கேள்வியையும் யாராவது சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை கொண்டுவராத அம்மாக்கள் பாதிப் பேர். அவர்களை விட்டுவிட்டால் சார்புப்பிழை என்பார்கள், சேர்த்தால் நினைவுப்பிழை என்பார்கள்.

ஆட்ஸ்கணக்கு

அம்மா சொல்வதை மட்டும் வைத்து எழுதவே கூடாது, அவர் கவனக்குறைவானவர் என்பதால் அல்ல. 6, 10, 14 வாரத்தில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும் ஒரே நாளில் ஒரே நாற்காலியில் வாயில் விடப்படுகின்றன. "சொட்டு போட்டீங்களா?" என்றால் "போட்டாச்சு" என்றுதான் பதில் வரும், அது போலியோவாக இருக்கலாம். அட்டையிலும் வரியைத் தனியாகப் பாருங்கள், இரண்டுக்கும் அடுத்தடுத்த வரி.

அட்டை இல்லை என்றால் விட்டுவிட வேண்டியதில்லை. வரிசை இப்படி: அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள் (வீட்டில் யாராவது இருப்பார்கள்). இல்லையென்றால் பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பிணி, குழந்தைக்கான பதிவு எண்) வைத்துப் பதிவு. அதுவும் இல்லையென்றால் அந்தத் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவேட்டுப் பக்கம். இதற்கு மாவட்ட சுகாதார அலுவலரின் கடிதம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள், குழந்தை சேர்ந்த பிறகு கேட்டு அலையக் கூடாது. தனியாரில் போட்டவர்களுக்கு அந்த மருத்துவமனைக் கையேடு. எந்த மருந்து என்பதையும் எழுதுங்கள்: ரோட்டாரிக்ஸ் இரண்டு தவணை, ரோட்டாவாக்கும் ரோட்டாசீலும் மூன்று. "முழுமையாகப் போட்டவர்" என்பதன் பொருள் மருந்துக்கு மருந்து மாறும்.

முக்கியமானது: இந்தத் தேடலை எலைசா முடிவு வருமுன் முடிக்க வேண்டும், தேடுபவருக்கு முடிவு தெரியக் கூடாது. கேஸ் என்று தெரிந்தால் கை தானாகக் கொஞ்சம் அதிகம் தேடும். போடாதவர் என்று முடிவுசெய்யவும் ஆவணம் வேண்டும், வெறும் "அட்டை இல்லை" என்பது "போடவில்லை" ஆகாது. எதுவும் கிடைக்காதவர்களைத் தனிக் குழுவாகக் காட்டுங்கள், அவர்களின் வயது, ஊர், தீவிரம் மற்றவர்களிடமிருந்து மாறுகிறதா என்று ஓர் அட்டவணை போடுங்கள்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 300-க்கும் கீழ் என்றால் பயன்திறன் தலைப்பை விடுங்கள். பக்கத்து இரண்டு கல்லூரிகளில் அதே ஆண்டு பிஜிக்கள் ஒரே ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால் செய்யலாம், ஆனால் மூன்று நெறிமுறைக் குழு ஒப்புதலுக்கே ஆறு மாதம் போய்விடும்.

வார்டுபக்கம்

குழந்தைகள் வார்டில் இருந்து எழுதுகிறேன். முதலில் வெசிகாரி பற்றி, தலைப்பை மாற்றினாலும் அது உங்களுக்குத் தேவைப்படும்.

மொத்தம் 20, 11-உம் அதற்கு மேலும் கடுமை. வயிற்றுப்போக்கு எத்தனை நாள், ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை முறை, வாந்தி எத்தனை நாள், எத்தனை முறை, காய்ச்சல், நீரிழப்பு, சிகிச்சை. இதில் மூன்று இடத்தில் தடுக்கும்.

ஒன்று, வயிற்றுப்போக்கு நாட்கள். 5 நாள் என்றால் 2 மதிப்பெண், 6-உம் மேலும் என்றால் 3. குழந்தையை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், போக்கு அங்கே தொடரும். 14-ஆம் நாள் ஒரு போன் செய்து கேட்காவிட்டால் எல்லோருக்கும் 1 தான் விழும், கடுமையான கேஸ்கள் மிதமாகிவிடும்.

இரண்டு, நீரிழப்பு. தெரு முனை கிளினிக்கில் ஒரு பாட்டில் டிரிப் ஏற்றிவிட்டு வருகிற குழந்தை நம்மிடம் வரும்போது தெளிவாக இருக்கும், பூஜ்யம் போட்டுவிடுவீர்கள். வருமுன் டிரிப் ஏறியதா என்று படிவத்தில் ஒரு கட்டம் வையுங்கள். கண்ணால் பார்த்து 5%, 6% என்று பிரிப்பதை நம்பாதீர்கள். உடையில்லாமல் சேரும்போது ஓர் எடை, நீர் திரும்பிய பிறகு அதே தராசில் ஓர் எடை. 7.4 கிலோவில் வந்து 8.0-இல் நின்றால் நீரிழப்பு 7.5%. தராசு 10 கிராம் வரை காட்ட வேண்டும். கடும் ஊட்டக்குறைவு உள்ள குழந்தையில் தோலைக் கிள்ளிப் பார்ப்பது ஏமாற்றும், நீரிழப்பு இல்லாமலே தோல் மெதுவாகத் திரும்பும். அவர்களைத் தனியே குறியுங்கள், அவர்களுக்குச் சிகிச்சை வழியும் வேறு.

மூன்று, காய்ச்சல். அக்குளிலா ஆசனவாயிலா என்று முடிவு செய்து ஒரே இடத்தில் எல்லோருக்கும் எடுங்கள்.

இப்போது மாற்றுத் தலைப்பு. 300-க்கும் குறைவான குழந்தைகளில் நன்றாகச் செய்யக்கூடியது: சேருமுன் வீட்டில் ஓஆர்எஸ்-உம் துத்தநாகமும் எப்படிக் கொடுக்கப்பட்டன என்பது. 40% பேர் கொடுத்திருப்பார்கள் என்று எதிர்பார்த்து, 7 புள்ளி துல்லியம் வேண்டுமானால் 188 குழந்தைகள் போதும். உங்களால் முடியும்.

"கொடுத்தீர்களா" என்று மட்டும் கேட்டால் அது ஆய்வில்லை. கலந்து காட்டச் சொல்லுங்கள். கடையில் இரண்டு அளவு பொட்டலம் இருக்கிறது: ஒரு லிட்டருக்கு 20.5 கிராம், 200 மி.லி.-க்கு நாலு கிராம் சொச்சம். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டினால் 75 ஆக இருக்க வேண்டிய சோடியம் லிட்டருக்கு 375 மில்லிமோல் ஆகும். அதைக் குடித்த குழந்தைக்கு ரத்தச் சோடியம் ஏறி வலிப்பு வரலாம். எதிர்ப்பக்கமும் உண்டு, 200 மி.லி. பொட்டலத்தை ஒரு செம்புத் தண்ணீரில் போடுவது, அல்லது ஒரு சிட்டிகை தூளை அவ்வப்போது கலப்பது. வீட்டில் பயன்படுத்துகிற அதே பாத்திரத்தைக் கேளுங்கள், இல்லாவிட்டால் நான்கைந்து அளவுப் பாத்திரங்களை மேசையில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவர் ஊற்றிய தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி எழுதுங்கள். 5 மி.லி. எடுத்து உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சோடியம் பாருங்கள். சீரம் முறையில் ஓட்டினால் 75 என்பது அளவெல்லைக்கு வெளியே போகலாம், சிறுநீர் முறையில் ஓட்டச் சொல்லுங்கள்.

பெட்டியில் அடைத்த இனிப்புப் பானத்தை ஓஆர்எஸ் என்று நம்பிக் கொடுத்தவர்களைத் தனிக் குழுவாக எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் இல்லாத பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லே வரக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வீட்டில் என்ன இருக்கிறது என்பது நல்ல கேள்வி. சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கு கூடும், அந்தக் குழந்தைகளே அதிக நீரிழப்போடு வருகிறார்களா என்று உங்கள் இரண்டு எடையை வைத்துப் பார்க்கலாம். ஆனால் கவனம்: நோய் முற்றியதால் கடைக்கு ஓடியவர்களும் அதில் இருப்பார்கள். வாங்கிய நேரத்தையும் போக்கு தொடங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதாவிட்டால் எது முந்தியது என்று தெரியாது.

துத்தநாகம்: 2 முதல் 6 மாதம் வரை 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 14 நாள். போக்கு நின்றதும் மூன்றாம் நான்காம் நாளே நிறுத்திவிடுவார்கள். 14-ஆம் நாள் போனில் "கொடுத்தீர்களா" என்று கேட்காமல், மாத்திரைப் பட்டையில் மீதி எத்தனை மாத்திரை என்று எண்ணச் சொல்லுங்கள். வாந்தி எடுத்ததால் நிறுத்தியதையும் தனியாகக் குறியுங்கள். டெல்லியிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் செய்து 2020-இல் வந்த சோதனையில் 10-உம் 5-உம் 20-க்குச் சளைக்கவில்லை, வாந்தியும் குறைவு.

சமூகமருத்துவம்_பிஜி1

கலந்து காட்டச் சொல்லும் யோசனை வழிகாட்டிக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஒரே சந்தேகம்: வார்டில் நர்ஸ் ஓஆர்எஸ் கலக்கச் சொல்லிக் கொடுத்த பிறகு நான் கேட்டால் சரியாகத்தானே கலந்து காட்டுவார்கள்?

வார்டுபக்கம்

ஆமாம், அதனால் சேர்க்கைச் சீட்டு போட்ட இடத்திலேயே பிடிக்க வேண்டும், வார்டுக்கு வந்த பிறகு அல்ல. கடும் நீரிழப்போடு வந்த குழந்தையின் அம்மாவை அப்போது தொந்தரவு செய்யாதீர்கள். அங்கே முதலில் ரிங்கர் லாக்டேட் டிரிப் ஓடட்டும் (ஒரு வயதுக்குள் கிலோவுக்கு 30 மி.லி. ஒரு மணி நேரத்தில், பிறகு 70 மி.லி. ஐந்து மணி நேரத்தில்). அவர்களுக்கு மட்டும் பாட்டியையோ அப்பாவையோ கேளுங்கள், யார் காட்டினார் என்று படிவத்தில் குறியுங்கள். ஓரளவு நீரிழப்பு என்றால் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. ஓஆர்எஸ் கொடுப்போம், 8 கிலோ குழந்தைக்கு 600 மி.லி. அந்த முதல் டம்ளரையே அம்மாவைக் கலக்கச் சொல்லி, நீங்கள் அளந்து எழுதி, தப்பாக இருந்தால் கொட்டிவிட்டுச் சரியானதைக் கொடுத்துவிடலாம். தப்பைத் திருத்தாமல் குழந்தைக்குக் கொடுக்க விட மாட்டோம் என்பதை ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள், நெறிமுறைக் குழு முதலில் அதைத்தான் கேட்கும்.

ஆட்ஸ்கணக்கு

மல மாதிரியையும் விட வேண்டாம். 188 பேரில் எலைசா பார்த்தால் ஏழு தட்டுக்குப் பதில் மூன்றே தட்டு, பாசிட்டிவ் வீதமும் வயதும் கிடைக்கும். பயன்திறன் என்று தலைப்பில் போடாமல் இரண்டாம் நோக்கமாக வையுங்கள். மாதிரி எண்ணையும் படிவ எண்ணையும் ஒன்றாகவே வையுங்கள், பிரிக்கும் மூன்று குப்பிக்கும் பின்னால் 1, 2, 3 மட்டும் சேருங்கள். உறைபெட்டியில் தாள் லேபிள் உரிந்துவிடும், உறைநிலைக்கான லேபிளும் பென்சிலும்.